பெரிய பெயரா, கட்டணமில்லா இடமா: எம்.எஃப்.ஏ. படிக்கப் போகும் ஒரு வாசகிக்கு

கேள்வி:

எனக்கு 28 வயது. ஐந்து ஆண்டுகளாக ஒரு விளம்பர நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். மாலை நேரத்திலும் விடுமுறை நாட்களிலும் எச்சிங் (உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடுவது), உட்கட் (மரப்பலகையைச் செதுக்கி அச்சிடுவது) செய்கிறேன். இந்த ஆண்டு அமெரிக்காவில் ஐந்து இடங்களுக்கு எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுநிலைப் பட்டம்) விண்ணப்பித்தேன். இரண்டில் இடம் கிடைத்திருக்கிறது. முதலாவது எல்லோருக்கும் தெரிந்த கல்லூரி, பெரிய நகரம், இரண்டு ஆண்டுப் படிப்பு. கட்டணத்தில் 30 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். இரண்டாவது ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், சிறிய ஊர், மூன்று ஆண்டுப் படிப்பு. கட்டணம் முழுவதும் விலக்கு, ஆசிரியர் உதவியாளர் வேலை, மாதாமாதம் உதவித்தொகை. என் நண்பர்கள் எல்லோரும் ‘பெயர்தான் முக்கியம், கடனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறார்கள். அப்பா கடனுக்குக் கையெழுத்துப் போடத் தயார். எதை எடுப்பது? இரண்டையும் விட்டுவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பது புத்திசாலித்தனமா? இரண்டு கடிதங்களையும், விண்ணப்பத்தில் வைத்த படங்களையும், மற்ற விவரங்களையும் இணைத்திருக்கிறேன். தொகைகளை மட்டும் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

ஐந்துக்கு இரண்டு என்பது நல்ல கணக்கு. நான் பல ஆண்டுகள் ஒரு கலைத் துறையின் சேர்க்கைக் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு இடத்துக்கு நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் எதையும் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிப் படுத்த நாட்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் உங்கள் படங்கள் இரண்டு இடத்தில் நின்றிருக்கின்றன. அதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது கல்லூரி. ஆனால் இன்றே ‘சரி’ என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள். அவர்களிடம் கேட்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

தொகைகளை வெளியிட வேண்டாம் என்றீர்கள். அதனால் முதல் கல்லூரியின் ஓராண்டுக் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாத் தொகையும் அந்த அளவில். உங்கள் இப்போதைய ஆண்டுச் சம்பளம் 40. கையில் இருக்கும் சேமிப்பு 60.

முதல் கல்லூரியில் தள்ளுபடி போகக் கட்டணம் 70. அந்த நகரத்தில் வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் சேர்த்து 65. இதரக் கட்டணங்களும் மருத்துவக் காப்பீடும் 8. காகிதம், செப்புத் தகடு, மை, சட்டம் போடும் செலவு 10. ஆண்டுக்கு 153, இரண்டு ஆண்டுக்கு 306. சேமிப்பைக் கழித்தால் கடன் 246. இப்போதைய சம்பளத்தில் ஒரு காசுகூடச் செலவழிக்காமல் ஆறு ஆண்டுகள் கட்டினாலும் இந்தக் கடன் தீராது. வட்டி 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 24.6. அதாவது அசலைத் தொடாமலே சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும். படிக்கும்போதே ஏறும் வட்டியை நான் இதில் சேர்க்கவே இல்லை.

இரண்டாவது கல்லூரியில் கட்டணம் இல்லை. ஆனால் ‘முழு விலக்கு’ என்ற வார்த்தையைப் பார்த்ததும் எல்லோரும் கணக்குப் போடுவதை நிறுத்திவிடுகிறார்கள், நீங்களும்தான். யானையைச் சும்மா கொடுத்தாலும் அங்குசத்துக்குக் காசு வேண்டும். இதரக் கட்டணமும் காப்பீடும் 8, பன்னிரண்டு மாத வாழ்க்கைச் செலவு 50, பொருட்கள் 10. மொத்தம் 68. வரும் உதவித்தொகை, பிடித்தம் போக, 45. ஆண்டுக்கு 23 துண்டு விழுகிறது. மூன்று ஆண்டுக்கு 69. சேமிப்பு போனால் பற்றாக்குறை 9. ஓராண்டு கூடுதலாகப் படிப்பதால் இழக்கும் சம்பளம் 40ஐயும் 69உடன் சேர்த்துப் பாருங்கள், 109தான் வருகிறது. முதல் கல்லூரியின் 306க்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

நண்பர்கள் சொல்லும் ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதில் அந்த ‘அப்புறம்’ எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், பலரிடம் பார்த்திருக்கிறேன். படிப்பு முடிந்த முதல் ஆண்டுதான் ஓவியருக்கு மிக ஆபத்தான ஆண்டு. ஸ்டுடியோ போய்விடும், அச்சடிக்கும் பிரஸ் போய்விடும், வாரம் ஒருமுறை வந்து ‘இது ஏன் இப்படி இருக்கிறது’ என்று கேட்கும் ஆட்கள் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் மாதத் தவணையும் ஆரம்பித்தால், கிடைத்த முழுநேர வேலைக்குப் போயே ஆக வேண்டும். திரும்ப ஒரு விளம்பர நிறுவனம். திரும்ப மாலை நேர எச்சிங். என்னிடம் படித்தவர்களில் மிகத் திறமையான ஒருவர், பட்டம் வாங்கி மூன்று ஆண்டுகள் கழித்து என்னைப் பார்க்க வந்தபோது, பேச்சோடு பேச்சாக, ‘தகட்டைத் தொட்டு இரண்டு வருஷம் ஆச்சு’ என்றார். அவருக்குத் திறமை குறையவில்லை, ஆசையும் குறையவில்லை. தவணை தேதி மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருந்தது.

எம்.எஃப்.ஏ. என்பது மருத்துவம், சட்டம் போலப் பட்டம் முடிந்ததும் சம்பளத்தைத் தூக்கிவிடும் படிப்பு இல்லை. அதில் நீங்கள் வாங்குவது நேரம், ஒரு அறை, நான்கைந்து கூர்மையான கண்கள். பட்டத்துக்கென்று ஒரு பயன் உண்டு: அமெரிக்கக் கல்லூரிக் கலைச் சங்கம் 1977இல் எம்.எஃப்.ஏ.வை ஸ்டுடியோ கலையின் இறுதிப் பட்டமாக ஏற்றுக்கொண்டது. அதனால் அங்கே கல்லூரியில் கலை கற்பிக்க அது போதும், அதற்கு மேல் முனைவர் பட்டம் கேட்பது அபூர்வம். ஆனால் நிரந்தர ஆசிரியப் பணியிடங்கள் மிகக் குறைவு. பகுதிநேர ஆசிரியராக வகுப்புக்கு இவ்வளவு என்று வாங்கும் காசில் 246 கடனை அடைக்க முடியாது. சரி, அந்தக் கதை போதும்.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கல்லூரிகளில் இடம் கிடைக்காதவர்கள் (நானும் அந்தக் கூட்டம்தான், அதனால் என் பேச்சைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே கேளுங்கள்). பெரிய நகரத்தில், பெயர் பெற்ற பள்ளியில், காட்சிக்கூடக்காரர்கள் மாணவர்களின் இறுதிக் கண்காட்சிக்கு வருகிறார்கள். கூடப் படித்தவர்கள் பத்து ஆண்டுகள் கழித்துக் காட்சி அமைப்பாளர்களாகவும் பேராசிரியர்களாகவும் இருப்பார்கள். அந்தத் தொடர்புகள் பொய்யில்லை. ஆனால் அதன் பலன் கிடைக்க, படிப்பு முடிந்தும் அந்த நகரத்தில் நான்கைந்து ஆண்டுகள் தங்கி, எல்லாத் திறப்பு விழாவுக்கும் போய், படம் வரைந்துகொண்டும் இருக்க வேண்டும். கடனோடு, விசா கெடுவோடு அது எத்தனை பேரால் முடிகிறது? எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தவருக்குப் பட்டத்துக்குப் பிறகு துறை சார்ந்த வேலைக்குப் பொதுவாகக் கிடைப்பது 12 மாதம்.

தரவரிசைப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கப் பத்திரிகை ஒன்று வெளியிட்டு எல்லோரும் மேற்கோள் காட்டும் நுண்கலைப் பட்டியல், மற்ற கல்லூரிகளின் கலைத்துறை ஆட்களிடம் ‘இந்தக் கல்லூரிக்கு எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்’ என்று கேட்டுத் தொகுத்தது. மாணவரின் கடன், ஸ்டுடியோ அளவு, பிரஸ்ஸின் நிலை எதுவும் அதில் இல்லை. அதை மூடி வைத்துவிடலாம்.

இனி இரண்டாவது கல்லூரியின் கடிதத்துக்கு வருகிறேன். நான்கு வரி என் கண்ணில் பட்டது.

‘50 சதவீத நியமனம்’ என்கிறார்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை என்று பொருள். எஃப்-1 விசாவில் பாடம் நடக்கும் பருவத்தில் வளாகத்துக்குள் வேலை செய்ய உச்சவரம்பும் 20 மணி நேரம்தான். ஆக, துண்டு விழும் 23ஐ மாலையில் நூலக வேலை பார்த்து நிரப்பிவிடலாம் என்று நினைத்திருந்தால், முடியாது. கோடை விடுமுறையில் வளாகத்துக்குள் முழுநேரம் வேலை செய்யலாம். அது கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். அச்சுக்கூடத்தைக் கோடையில் பராமரிக்க, தரையைக் கழுவி உருளைகளைச் சரிசெய்ய, ஆள் தேவைப்படும். அந்த வேலையை ஒரு மாணவர் செய்வது வழக்கம். அது உங்களுக்குக் கிடைத்தால் பணமும் வரும், மூன்று மாதம் பிரஸ்ஸும் உங்கள் கையில்.

அடுத்த வரி, ‘ஒன்பது மாத உதவித்தொகை’. வாடகை பன்னிரண்டு மாதம். இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ‘நிதி இருப்பையும் திருப்திகரமான முன்னேற்றத்தையும் பொறுத்துப் புதுப்பிக்கப்படும்’. இதில்தான் நீங்கள் நிற்க வேண்டும். ‘திருப்திகரமான முன்னேற்றம்’ உங்கள் கையில் இருக்கிறது. ‘நிதி இருப்பு’ அவர்கள் கையில். துறையின் பட்டமேற்படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு எழுதிக் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டில் யாருக்காவது இரண்டாவது அல்லது மூன்றாவது ஆண்டு உதவி நிறுத்தப்பட்டதா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும். 2015இல் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ராஸ்கி கலைப் பள்ளியில் முதலாண்டு எம்.எஃப்.ஏ. மாணவர்கள் ஏழு பேரும் மொத்தமாக வெளியேறினார்கள். தங்களை ஈர்த்துக் கொண்டுவந்த நிதி ஏற்பாடும் பாடத்திட்டமும் ஆசிரியர்களும் வந்த பிறகு மாறிவிட்டதாக அவர்கள் சொன்னார்கள். சின்ன வகுப்பு அது. முழு வகுப்பும் போய்விட்டது.

நான்காவது, கட்டண விலக்கு ‘கல்விக் கட்டணத்துக்கு மட்டும்’. தொழில்நுட்பக் கட்டணம், ஸ்டுடியோ கட்டணம், வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்று தனித்தனியாக வரும். நான் போட்டிருக்கும் 8 ஒரு மதிப்பீடுதான். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் அவருடைய போன பருவத்துப் பில்லைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கேட்டால் அனுப்புவார்கள். மாணவர்களுக்கு இதில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட உண்டு.

வரியையும் மறக்காதீர்கள். உதவியாளர் வேலைக்கு வருவது சம்பளம், வரி பிடிப்பார்கள். வேலை எதுவும் கேட்காமல் தரும் உதவித்தொகையில், கட்டணத்துக்குப் போகும் பகுதிக்கு வரி இல்லை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதிக்கு உண்டு. அதில் எஃப்-1 மாணவரிடம் பொதுவாக 14 சதவீதம் பிடித்துக்கொண்டே கொடுப்பார்கள். உங்கள் நாட்டோடு வரி ஒப்பந்தம் இருந்தால் குறையலாம்.

பணத்தை இங்கே நிறுத்திவிட்டு, இடத்தைப் பற்றிப் பேசுகிறேன். நேரில் போக முடியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. அங்கே படிக்கும் ஒரு மாணவரை வீடியோ அழைப்பில் பிடியுங்கள். துறை அறிமுகப்படுத்தும் மாணவரை விட, நீங்களாகக் கண்டுபிடித்தவர் நல்லது. அவர்கள் ஊர் நேரப்படி வாரநாளில் இரவு ஒன்பது மணிக்கு அழையுங்கள். ‘கேமராவைத் திருப்பி அப்படியே நடந்து காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். எத்தனை ஸ்டுடியோவில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். வலைத்தளத்துப் படங்களில் எல்லா ஸ்டுடியோவும் சுத்தமாக, வெயிலோடு இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அந்த இடம் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். எல்லாம் இருட்டாக இருந்து, ஒரே ஒருவர் மட்டும் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தால், மூன்று ஆண்டுகள் நீங்களும் தனியாகத்தான் உட்கார்ந்திருப்பீர்கள்.

அச்சுக்கூடத்துக்குள் போகச் சொல்லுங்கள். எச்சிங் பிரஸ் எத்தனை, பெரியதன் படுக்கை (தகட்டையும் காகிதத்தையும் வைக்கும் தளம்) எவ்வளவு அகலம்? நீங்கள் அனுப்பிய படங்களில் அந்தப் பெரிய உட்கட், நான்கு துண்டாகச் சேர்த்து அச்சடித்தது என்று எழுதியிருந்தீர்கள். அது துண்டானது உங்கள் கருத்தாலா, அல்லது இருந்த பிரஸ் சின்னது என்பதாலா? இரண்டாவது காரணம் என்றால் படுக்கையின் அகலம் உங்களுக்கு முக்கியமான கேள்வி. லித்தோ (கல்லில் வரைந்து அச்சிடும் முறை) கற்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நல்ல கல் பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பக்கத்துச் சுண்ணாம்புக் கல். ஒவ்வொரு மாணவரும் போன மாணவரின் படத்தை அரைத்து அழித்துவிட்டுத் தன் படத்தை வரைவார். ஓர் அலமாரி நிறையக் கல் வைத்திருக்கும் துறை, பல தலைமுறையாக இதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்த துறை.

எல்லாவற்றையும் விட முக்கியம் அச்சுக்கூடத் தொழில்நுட்பர் முழுநேரமா, பகுதிநேரமா என்பது. பேராசிரியரைப் பற்றி எல்லோரும் விசாரிப்பார்கள், இவரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நடுராத்திரியில் தகட்டில் அக்வாடின்ட் (நிழல் சாயல் தரும் எச்சிங் முறை) ஏன் சரியாக விழவில்லை என்று சொல்லித் தருபவர் இவர்தான்.

பேராசிரியர் விஷயத்திலும் ஒன்று. சிற்பியும் அச்சுக் கலைஞருமான எலிசபெத் கேட்லெட் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனது ஓவியர் கிரான்ட் வுட்டிடம் படிக்க. உனக்கு நன்றாகத் தெரிந்ததையே எடுத்துச் செய் என்று அவர் சொன்ன ஒரு யோசனை கேட்லெட்டின் வாழ்நாள் வேலையாக ஆனது. ஓவியராகப் போனவர் 1940இல் சிற்பத்தில் எம்.எஃப்.ஏ. வாங்கி வெளியே வந்தார். கருப்பினப் பெண் என்பதால் அங்கே மாணவர் விடுதியில் அவருக்கு இடம் தரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரு ஆசிரியரை நம்பிப் போவது பலன் தரும், அந்த ஆசிரியர் அங்கே இருந்தால். முதல் கல்லூரியில் நீங்கள் பெயர் சொல்லி ஆசைப்பட்டிருக்கும் அந்தப் புகழ்பெற்ற ஓவியர் பட்டமேற்படிப்பு மாணவர்களின் ஸ்டுடியோவுக்கு ஒரு பருவத்தில் எத்தனை முறை வருகிறார்? அடுத்த ஆண்டு ஓய்வு விடுப்பில் போகிறாரா? இதை நாசூக்காக ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கலாம், தவறில்லை. வலைத்தளத்தில் பெயர் இருப்பதும் வாரம் ஒருமுறை உங்கள் கதவைத் தட்டுவதும் வேறு வேறு.

இப்போது பேரம். கலைஞர்களுக்குப் பணம் கேட்கக் கூச்சம், எனக்கும் இருந்தது. ஆனால் முதல் கல்லூரியிடம் நீங்கள் கேட்கத்தான் வேண்டும், இரண்டாவதிடமும் கேட்க வேண்டும். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். அதிக உதவித்தொகை கொடுத்து நாங்கள் அழைத்தவர் வேறு எங்கோ போய்விட்டால் அந்தப் பணம் திரும்பத் துறைக்கு வரும். அது மார்ச் கடைசியிலும் ஏப்ரல் முதல் பாதியிலும் நடக்கும். அந்த நேரத்தில் யாருடைய கடிதம் மேசை மேல் இருக்கிறதோ அவர் பெயர்தான் முதலில் பேச்சில் வரும். நான் இருந்த குழுவில் ஒருமுறை, கேட்டிருந்த ஒரே மாணவருக்குப் பணம் போயிற்று. அவரை விட அதிகத் தேவை இருந்த இன்னொருவர் வாயே திறக்கவில்லை.

கடிதம் நீளமாக வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: ‘உங்கள் துறையில் இடம் கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இன்னொரு இடத்திலிருந்து முழுக் கட்டண விலக்கும் உதவியாளர் பணியும் வந்திருக்கிறது. உங்கள் அச்சுக்கூடத்தில் படிக்கவே எனக்கு விருப்பம், ஆனால் இப்போதைய தள்ளுபடியில் என்னால் வர முடியாது. கூடுதல் உதவியோ உதவியாளர் வேலையோ தர வழி இருக்கிறதா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.’ கேட்டால் காட்ட மற்றக் கடிதத்தின் நகலைத் தயாராக வைத்திருங்கள். இல்லாத வாய்ப்பை இருப்பதாகச் சொல்லாதீர்கள். கலைத் துறைகள் சின்ன உலகம், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள். இரண்டாவது கல்லூரியிடம் கட்டணம் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. அங்கே கேட்க வேண்டியது பொருள் வாங்கும் நிதி, பயண நிதி, கோடை வேலை.

அவசரப்படுத்தினால் பயப்படாதீர்கள். அமெரிக்காவில் பட்டமேற்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்புக்கு ஒரு தீர்மானம் இருக்கிறது: நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்ல மாணவருக்குக் கட்டாயம் இல்லை. எல்லாக் கல்லூரியும் அதில் கையெழுத்திடவில்லை. உங்கள் இரண்டும் பட்டியலில் இருக்கின்றனவா என்று அந்தக் கூட்டமைப்பின் வலைத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். தேதி தாண்டியதும் இடம் காத்திருப்போருக்குப் போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள்.

முதல் கல்லூரி 30ஐ 50 ஆக்கினால்? என் பதில் மாறாது. கடன் 206 ஆகும், அவ்வளவுதான். முழு விலக்கும் உதவியாளர் வேலையும் தந்தால் நிச்சயம் யோசியுங்கள், ஒருவேளை அங்கேயே போங்கள். அப்பாவின் கையெழுத்தைப் பற்றி நான் கருத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அது அவருடைய ஓய்வுக் காலத்துப் பணத்தின் மேல் போடும் கையெழுத்து என்பதை ஒருமுறை அவரோடு உட்கார்ந்து, இந்தக் கணக்கைக் காகிதத்தில் வைத்துக்கொண்டு பேசிப் பாருங்கள்.

அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பதைப் பற்றி. இரண்டாவது கல்லூரி நான் கேட்கச் சொன்ன கேள்விகளுக்கு மழுப்பலாகப் பதில் சொன்னால், அல்லது ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த இடம் செத்துக் கிடந்தால், காத்திருப்பதில் தப்பே இல்லை. வயது ஒரு பிரச்சினையே கிடையாது. சில ஆண்டுகள் வெளியே வேலை பார்த்துவிட்டு வருபவர்களைக் குழுக்கள் விரும்புவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த இடத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டால், இடம் நின்றாலும் உதவித்தொகை பெரும்பாலும் நிற்காது.

காத்திருப்பதானால் தேடலை அகலப்படுத்துங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டின் ஷ்டேடல்ஷூலெ என்ற கலைக் கல்லூரியில் கல்விக் கட்டணம் இல்லை, ஆங்கிலத்தில் சமாளிக்கலாம். ஜெர்மனியின் அரசுக் கலைக் கழகங்கள் பலவற்றிலும் பருவத்துக்கு ஒரு சிறு தொகைதான். ஆனால் அங்கே அமைப்பே வேறு. பாடத்திட்டத்தில் சேர்வதில்லை, ஒரு பேராசிரியரின் வகுப்பில் சேர்கிறீர்கள். அவர் உங்களை ஏற்க வேண்டும், பெரும்பாலும் ஜெர்மன் மொழி வேண்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 முதல் பருவத்துக்கு 1500 யூரோ. நார்வேயும் 2023 இலையுதிர்காலம் முதல் அவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. ‘இலவசக் கல்லூரிகள்’ என்று சுற்றிவரும் பழைய பட்டியல்களில் நார்வே இன்னும் இருக்கும், ஏமாற வேண்டாம். பிரிட்டன் என்றால் ஒரு பொறி உண்டு: மாணவர் விசாவில் சுயதொழில் செய்யக் கூடாது. வடிவமைப்பு வேலையை வெளியில் எடுத்துச் செய்து செலவைச் சமாளிக்கலாம் என்ற திட்டம் அங்கே நடக்காது.

வெளி உதவித்தொகைகள் விஷயத்தில் பலர் தேதியைத்தான் கோட்டைவிடுகிறார்கள். ஃபுல்பிரைட் (அமெரிக்க அரசின் உதவித்தொகை), டாட் (DAAD, ஜெர்மனியில் படிக்க) போன்றவற்றுக்கு, படிப்பு தொடங்க ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியில் இடம் கிடைத்த பிறகு தேடினால் காலம் கடந்திருக்கும். டாட் நுண்கலைக்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கிறது. செவனிங் என்ற பிரிட்டிஷ் அரசு உதவித்தொகை பிரிட்டனில் ஓராண்டு முதுநிலைப் படிப்புக்கானது, இரண்டு ஆண்டு எம்.எஃப்.ஏ.வுக்கு ஒத்துவராது. ஃபுல்பிரைட்டில் போனால் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வெளியிலிருந்து பணம் வந்ததும் கல்லூரி தன் பங்கைக் குறைத்துக்கொள்வதும் நடக்கும். ‘வெளி உதவி கிடைத்தால் உங்கள் உதவி குறையுமா’ என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பட்டமே வேண்டாம், நேரமும் பிரஸ்ஸும் போதும் என்று ஒரு கணம் தோன்றினால் அதற்கும் வழி இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்அகடமி பட்டம் தருவதில்லை, ஸ்டுடியோவும் உதவித்தொகையும் தருகிறது. மெய்ன் மாநிலத்தின் ஸ்கௌஹீகன் 1946இலிருந்து நடக்கும் ஒன்பது வாரக் கோடைப் பள்ளி. லித்தோ அச்சில் தொழில்முறைப் பயிற்சி வேண்டுமென்றால் நியூ மெக்சிகோவின் டாமரிண்ட் அச்சுக்கூடம். ஓவியர் ஜூன் வேய்ன் 1960இல் லாஸ் ஏஞ்சலஸில் ஆரம்பித்தது, பத்து ஆண்டு கழித்து ஆல்புகர்க்கிக்குப் போனது. இவற்றில் நுழைவதும் லேசு இல்லை.

மறுபடி விண்ணப்பித்தால் படத் தொகுப்பை மாற்றுங்கள். இப்போது நீங்கள் அனுப்பிய இருபதில் எட்டு படங்கள் ‘எனக்கு இதுவும் தெரியும்’ என்று காட்டுகின்றன. முதல் சுற்றில் ஒரு படத்துக்குக் குழு செலவழிப்பது சில நொடிகள். அந்த வேகத்தில் பல திறமை என்பது குழப்பமாகத்தான் தெரியும். அதில் இருக்கும் படிக்கட்டுப் படங்களின் வரிசை உங்கள் பலம். அதிலிருந்தே பன்னிரண்டு வையுங்கள். விளம்பர வேலை ஒன்றுகூட வேண்டாம்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது மூன்று மின்னஞ்சல். முதல் கல்லூரிக்குப் பணம் கேட்டு, இரண்டாவது கல்லூரியின் ஒருங்கிணைப்பாளருக்குப் புதுப்பித்தல் பற்றி, அங்கே படிக்கும் ஒரு மாணவருக்கு வீடியோ அழைப்பு கேட்டு. அழைப்பின்போது அமிலத் தொட்டிகள் இருக்கும் அறைக்குள்ளும் போகச் சொல்லுங்கள். புகையை வெளியேற்றும் விசிறியைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுகள் நீங்கள் மூச்சுவிடப் போகும் அறை அது.